கற்பகம் வசூலித்த வாடகை

மட்டாஞ்சேரியில் எங்கள் தோட்டுக்கரைச் சந்தில், கட்டிய கணவனிடம் வாடகை வசூலித்த ஒரே பெண் கற்பகம்தான். மாதம் பிறந்தால் ஒன்றாம் தேதி காலையில், முத்துவேல் சாயா குடித்து முடிப்பதற்குள் கையை நீட்டிவிடுவாள். அவனும் மறுபேச்சில்லாமல் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பான். இத்தனைக்கும் அந்த வீட்டுக்கு அவர்கள் யாருக்கும் வாடகை கொடுக்க வேண்டியதே இல்லை.

நான் ஷௌகத் அலி. சந்து முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் அத்தா காலத்திலிருந்து இங்கேதான். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கடன் கேட்டு வருகிறவர்களிடம் இரண்டும் தெரியாது. பத்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு, கையிலிருக்கும் போனுக்கு மாதாமாதம் தவணை கட்டுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் முற்றிவிட்டது. கற்பகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு அந்த எரிச்சலும் ஒரு காரணம்.

முத்துவேலும் கற்பகமும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவன் அனிலின் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அவள் நாலு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். முதலில் பள்ளுருத்தியில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். வாடகை கொடுத்த அன்று கற்பகத்துக்குச் சோறு இறங்காது. அந்த எரிச்சல் தாளாமல்தான், இருந்த நகையை விற்று, ஊரில் போட்ட சீட்டை எடுத்து, நாலு லட்சம் திரட்டி எங்கள் சந்தில் ஒச்சப்பனின் வீட்டைப் பணயத்துக்குப் பிடித்தாள்.

பணயம் என்றால் அடகு அல்ல. வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது அந்தத் தொகை அப்படியே திரும்ப வரும். கற்பகத்தின் ஊரில் இதையே ஒத்தி என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பகுதியில் வீட்டுச் சொந்தக்காரர்கள் பலரும் வாங்கிய பணத்தை வாங்கிய வேகத்தில் செலவழித்துவிடுவார்கள். போகிற குடும்பத்துக்குப் பணம் வர வேண்டுமானால், புதிதாக ஒரு குடும்பம் பணத்தோடு வர வேண்டும். ஆகையால் இங்கே வீட்டைச் சுற்றிக் காட்டுவது வீட்டுக்காரர் அல்ல, காலி செய்கிறவர்கள்தான். தங்கள் பணம் அல்லவா, விழுந்து விழுந்து காட்டுவார்கள்.

கற்பகத்துக்கு அந்த வீட்டைக் காட்டியது அதற்கு முன் குடியிருந்த கமலாக்ஷி. அது சித்திரை மாதம். வெளியே வெயில் கொளுத்துகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்த கற்பகம் அப்படியே நின்றுவிட்டாளாம். தரை அவ்வளவு குளிர்ச்சி. வறண்ட கரிசல் காட்டில் பிறந்தவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? “எங்க ஊர்ல இந்த மாசம் தரையில கால வைக்க முடியாது சேச்சி” என்று பூரித்துப்போய்ச் சொல்லியிருக்கிறாள். கமலாக்ஷி சிரித்தாள், வேறொன்றும் சொல்லவில்லை.

கார்த்திகையில் தெரிந்தது. அந்த மாதத்தில் கடல் ஏறும். வேலியேற்றம் என்பார்கள் இங்கே. தோடு என்கிற வாய்க்கால் நிரம்பி, சந்து நிரம்பி, உப்புத் தண்ணீர் அவள் அடுப்படி வரைக்கும் வந்தது. மலையாளத்துக்காரர்கள் யாரும் அந்தத் தரையின் குளிர்ச்சியில் ஏமாந்திருக்க மாட்டார்கள். கற்பகம் அடுப்பைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பிறகு என் கடைக்கு வந்து பிளீச்சிங் பவுடர் வாங்கினாள். அப்போதுதான் அந்த யோசனையைச் சொன்னாள்.

“இந்தத் தண்ணிக்குள்ள கெடக்கதுக்கு ஒரு கூலி வேணும்லா பாய்? வெளிய இருந்தா வாடகை குடுக்கணும். அத இனி எனக்கே குடுக்கச் சொல்லப் போறேன்.”

நான் சிரித்தேன். இது ரெண்டு மாதக் கூத்து என்று மரியத்திடம் சொன்னேன். மரியம் என் மனைவி. “அவளப் பாத்தா அப்படித் தெரியலையே” என்றாள் அவள். எங்கள் வீட்டில் வழக்கம்போல அவள் சொன்னதுதான் நடந்தது.

ஒரு மாதம் தவறியதில்லை. பண்டிகை வந்தாலும், ஊரில் கல்யாணம் வந்தாலும், முதலில் வாடகை. வருடா வருடம் ஐந்நூறு ரூபாய் கூட்டினாள். முத்துவேல் அதற்கு மட்டும் கொஞ்சம் முனகினான். “எந்த வீட்டுக்காரங்க ஏத்தாம இருக்காங்க?” என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள். பணம் நேராகத் தபால் ஆபீசுக்குப் போகும், சேர்ந்ததும் வங்கியில் வைப்பாகும். அவசரத்துக்குக்கூட அதில் கை வைக்கமாட்டாள். அவசரத்துக்குத் தனியாக ஒரு டப்பா இருந்தது. முத்துவேல் ஹோட்டலில் எல்லோரிடமும் அவளை ‘எங்க ஹவுஸ் ஓனரம்மா’ என்றுதான் சொல்வான். சொல்லும்போது அதில் பெருமைதான் இருக்கும்.

இவ்வளவு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். சொந்த ஹோட்டல் போடவா, ஊரில் மாடி வீடு கட்டவா?

“ரெண்டும் இல்ல பாய். அன்னைக்குக் காய்ச்சலோட போனாகள்லா, ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இருந்தது. முத்துவேலுக்கு அப்போது கடுமையான காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை. அனில் ஆளனுப்பி, இன்று வராவிட்டால் வேறு மாஸ்டரை வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். அவன் நடுங்கிக்கொண்டே போய்ப் பரோட்டாக் கல்லின் முன்னால் நின்றான். கற்பகம் எங்கள் கடை வாசலில் நின்று அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடியாதுன்னு சொல்லணும்னு அவுகளுக்குத் தோணுனா, அன்னைக்கு முடியாதுன்னு சொல்லணும். அதுக்குத்தான்” என்றாள். யூடியூபில் கோட்டு போட்டவர்கள் பொருளாதார சுதந்திரம் என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். கற்பகம் கேட்ட சுதந்திரம் இந்த ஒரு வார்த்தைதான்.

போன வருடம் முத்துவேலின் வலது தோள் மக்கர் செய்தது. மாவை வீசி அடித்தே தேய்ந்த தோள். கலூரில் ஓர் எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, இனி மாவு அடித்தால் கையைத் தூக்க முடியாமல் போகும் என்று சொல்லிவிட்டார். கற்பகம் கணக்குப் போட்டாள். வாடகையாகச் சேர்ந்த பணம், அதோடு ஒச்சப்பனிடம் இருக்கும் நாலு லட்சம், இரண்டும் சேர்ந்தால் வரும் வட்டியில் பள்ளுருத்தியில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகையும் கொடுத்து அரிசியும் வாங்கலாம். முத்துவேல் காலையில் போய் சால்னா மட்டும் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். நாலு லட்சம் வராவிட்டால் இன்னும் இரண்டு வருடம் அவன் கல்லில் நிற்க வேண்டும். அந்தத் தோள் இரண்டு வருடம் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒச்சப்பன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. மகள் கல்யாணத்தில் அந்தப் பணம் எப்போதோ கரைந்துவிட்டது. “நீ ஒரு ஆளெக் கொண்டு வா மோளே. அவரு தந்நா அப்பத்தன்னெ நான் தராம்” என்றார். ஆள் எங்கிருந்து வரும்? கார்த்திகைத் தண்ணீரைப் பற்றித் தெரிந்த யாரும் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மாதங்கள் போயின. முத்துவேல் தோளில் வலிக்கு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தான்.

இந்தச் சித்திரையில் மாரிச்செல்வமும் அவன் மனைவி மகாவும் என் கடைக்கு வந்தார்கள். சுரண்டைப் பக்கத்து ஆட்கள், வந்து சில மாதம்தான் ஆகிறது. அவனுக்குக் கட்டட வேலை. ஒத்திக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டார்கள். கையில் நாலு லட்சம் இருந்தது. நான் மரியத்தைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, நானே அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். கற்பகத்துக்கு விடிந்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கற்பகம் வீட்டைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள். மகா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவள், நடு வீட்டில் நின்றாள்.

“யக்கா, தரை என்ன இப்படிக் குளுகுளுன்னு இருக்கு? எங்க ஊர்ல இந்நேரம் கால் வெந்துரும்.”

நான் கதவோரத்தில் நின்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அதுகூட வேண்டாம், சும்மா சிரித்தால் போதும்.

“அது குளிர்ச்சி இல்ல தாயி” என்றாள் கற்பகம். “அடியில தண்ணி. கார்த்திகைல கடல் ஏறும்போது அடுப்படி வரைக்கும் வரும். இங்க வா, காட்டுதேன்.”

பீரோவை நகர்த்திச் சுவரில் உப்புப் படிந்த கோட்டைக் காட்டினாள். எந்த வருடம் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது, எல்லாவற்றையும் சொன்னாள். மகாவின் முகம் மாறிவிட்டது. மாரிச்செல்வம் சுவரைத் தட்டிப் பார்த்தான். யோசித்துச் சொல்கிறோம் என்று இருவரும் போய்விட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். “ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அவன் தோளு என்னாகுறது? தேடி வந்த பணத்த நீயே வெரட்டி விட்டுட்டியே?”

“கமலாக்ஷி சேச்சியும் இதே எடத்துலதான் நின்னாக பாய். நானும் இவ சொன்னதையேதான் சொன்னேன். இத்தன வருசமா தண்ணி வர்றப்பல்லாம் அவுகளத் திட்டிருக்கேன். இனி இந்தப் பிள்ள என்னையத் திட்டணுமா?” என்றாள். பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, “அவுகளுக்கு வேற வழி இல்லாம இருந்திருக்கும். எனக்கு தபால் ஆபீசுல கொஞ்சம் கெடக்குல்லா” என்றாள்.

நான் கடைக்குத் திரும்பினேன். முத்துவேல் சாயங்காலம் கேள்விப்பட்டுவிட்டு, தோளைத் தடவிக்கொண்டே, “ரெண்டு வருசந்தான, அடிச்சிருவேன்” என்றானாம். மரியம் வந்து சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காய மூட்டையைப் பிரிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாரிச்செல்வம் மட்டும் தனியாக வந்தான், கையில் அளவு டேப்போடு. கற்பகத்தின் வீட்டுக்குள் போய்ச் சுவர்க் கோட்டிலிருந்து உத்தரம் வரை அளந்தான். பிறகு எங்களையும் ஒச்சப்பனையும் உட்கார வைத்துப் பேசினான்.

“வேற அஞ்சாறு வீடு பாத்தோம் பாய். எல்லாத் தரையும் குளுகுளுன்னுதான் இருக்கு. யாரும் வாயத் தொறக்கல. எதுவரைக்கும் தண்ணி வரும்னு தெரியாத வீட்ட நான் எப்படி ஒசத்துவேன்? இந்த வீட்டுல அக்கா கோடு போட்டுல்லா காட்டிட்டாக. தரைய ஒசத்துற வேலைய நானே பாத்துக்கிடுதேன். கையில ரெண்டரை லட்சம் தாரேன். மிச்ச ஒன்றரைய வீட்டுல போடுதேன். ஆனா பணயம் நாலுன்னுதான் எழுதணும்.”

ஒச்சப்பன் மோட்டுவளையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். தண்ணீர் ஏறாத வீடு என்றால் நாளைக்கு அதன் மதிப்பு என்ன என்று அவருக்கும் கணக்குத் தெரியும். சரி என்றார். கற்பகத்துக்குக் குறையும் ஒன்றரை லட்சத்தை, பென்ஷன் வந்ததும் மாதம் பத்தாயிரமாகத் தானே கொண்டுவந்து தருவதாகவும் ஒப்புக்கொண்டார். “எந்தெ வாக்கு போரே?”, என் வாக்கு போதாதா என்று கேட்டவரை, வாக்கையும் முத்திரைத்தாளில் எழுதிவிடலாம் சேட்டா என்று நான்தான் பிடிவாதம் பிடித்து எழுத வைத்தேன். கையெழுத்தான பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. கற்பகம் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

கற்பகமும் முத்துவேலும் பள்ளுருத்தியில் மாடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்து வந்த ஒன்றாம் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒச்சப்பன் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். ஆட்டோவில் போனோம். கற்பகம் கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்து, மெதுவாக உள்ளே வரச் சொன்னாள்.

முத்துவேல் ஃபேனுக்கு அடியில் பாய் விரித்து, வலது கையை நீட்டிப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். பகல் பன்னிரண்டு மணி. அவனை இத்தனை வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் பார்த்ததே இல்லை.

ஒச்சப்பன் பணத்தைக் கொடுத்து, “வாடக எண்ணி நோக்கு மோளே” என்று கிசுகிசுத்தார். கற்பகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போது முத்துவேலின் போன் அடித்தது. அவன் புரண்டான், எழுந்திருக்கவில்லை. கற்பகம் எடுத்தாள். அனில்தான். இரைச்சலுக்கிடையே அவர் குரல் எங்களுக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமாம், கல்லில் நின்ற புதுப் பையன் சொல்லாமல் போய்விட்டானாம், இன்றைக்கு ஒருநாள் மட்டும் முத்துவேலை அனுப்ப வேண்டுமாம்.

கற்பகம் தூங்குகிறவனை ஒருமுறை பார்த்தாள்.

“அனில் சேட்டா, அவுக உறங்குதாக. நான் எழுப்ப மாட்டேன்” என்றாள்.

போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு, எங்களுக்கு சாயா போடப் போனாள்.