ஆளுக்கொரு பலகை

அந்தப் பட்டறையில் எந்தப் படமும் ஒருவர் கையால் முடிவதில்லை. பாய்மரக் காலத்துக் கடற்போர் ஓவியங்களை நகல் எடுப்பதுதான் அங்கே பிழைப்பு. ஹோட்டல்களுக்கும் வக்கீல் அலுவலகங்களுக்கும் போகும். வானம் ஒரு வழுக்கைத் தலைக்காரர் பொறுப்பு; அவர் பெயரே மேகம். கப்பலையும் பீரங்கிப் புகையையும் இன்னொருவர் வரைவார். ஒவ்வொரு கயிற்றையும் தனித்தனியாக இழுப்பதால் அவர் கயிறு. கீழே இருக்கும் தண்ணீர் முழுக்க அவளுடையது. ஐம்பது தாண்டியவள், எல்லோருக்கும் அலையக்கா.

கணவரின் தையல் கடை படுத்துப்போன வருடம் தூரிகை கழுவ வந்தவள். மிச்சச் சாயத்தை அட்டையில் இழுத்து இழுத்துப் பார்த்ததில் அலை கைவந்துவிட்டது. பத்தொன்பது வருடம் ஆகிறது. வீட்டில் பக்கெட் நிரம்பினால்கூடக் குழாயை மூட மறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "வழியுதும்மா! பார்த்தது போதும்," என்று மகள் கத்துவாள்.

தண்ணீரோடு ஒரு வில்லங்கமும் அவள் தலையில் விழுந்தது. அதிகம் விற்கும் படத்தில் இரண்டு போர்க்கப்பல்கள் நேருக்கு நேர் சுட்டுக்கொள்ளும். ஒன்றின் பாய்மரம் முறிந்து தொங்கும். கீழே அலைகளில் ஒன்பது பேர் தத்தளிப்பார்கள். அவர்களை யார் வரைவது?

"கப்பல்ல இருக்கற வரைக்கும்தான் என் ஆளு. விழுந்துட்டா அக்கா பாடு," என்றார் கயிறு.

"நான் மேல பார்த்தே வேலை செய்யறவன்," என்று மேகம் நழுவினார்.

மூலப்படத்தின் அச்சில் மூன்று பேருக்குத்தான் பிடித்துக்கொள்ள உடைந்த பலகை இருந்தது. மற்ற ஆறு பேரும் வெறுங்கை. முதல் தடவை அப்படியே வரைந்துவிட்டுப் போனவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் முதல் வேலையாக ஆளுக்கொரு பலகை போட்டுவிட்டாள். முகத்துக்கு ஒரு பொட்டுச் சாயம் போதும். பலகையைத்தான் மரத்தின் ரேகை தெரிய வரைவாள். அதற்குப் பிறகு எத்தனையோ நகல்கள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சாப்பிட வருகிறவன் சுவரில் இருக்கும் தலைகளையா எண்ணப்போகிறான்?

எண்ணுகிற ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன். இம்மி பிசகாத நகல் வேண்டும் என்று சொல்லியிருந்தார். சாயம் காய்வதற்குள் பூதக்கண்ணாடியோடு வந்து நின்றுவிட்டார்.

"இதுல ஒன்பது பலகை இருக்கே. அச்சுல மூணுதான்."

முதலாளி முப்பது வயதுக்காரன். அப்பாவுக்குப் பிறகு பட்டறைக்கு வந்தவன். குனிந்து எண்ணிவிட்டு நிமிர்ந்தான். "என்னக்கா, மரக்கடையா நடத்தறீங்க?"

"பாவமா இருந்துச்சு தம்பி."

"இருநூறு வருஷம் முன்னாடி முங்கினவங்களுக்கு இப்ப என்ன பாவம்? சாயங்காலத்துக்குள்ள ஆறையும் எடுத்துடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, இனிமே தண்ணிய மேகம் அண்ணன் போடட்டும்."

"நான் போட்டா கடல்ல பஞ்சு மிதக்கும்," என்றார் மேகம்.

அலையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடலை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு அங்கே தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்காக ஆறு பேர் கையிலிருப்பதைப் பிடுங்கவும் மனசு வரவில்லை.

"சார், கடல்ல ஆள் விழுந்து நீங்க பார்த்திருக்கீங்களா?"

"ரெண்டு பேரும்மா. ஒருத்தனைத் தூக்கிட்டோம்." கேப்டன் அச்சைப் பக்கத்தில் இழுத்தார். "இன்னொருத்தன் முகம் அப்படியே இருக்கு எனக்கு. அதனாலதான் இந்தப் படம் வேணும்னேன். இதை வரைஞ்சவர் ஒருத்தனையும் சும்மா போடல. பாருங்க."

பூதக்கண்ணாடியை நீட்டினார். அவள் அச்சின் மேல் வைத்துப் பார்த்தாள். ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். ஒருவன் கண்ணை இறுக மூடியிருந்தான். இன்னொருவன் கழுத்தைத் திருப்பி யாரையோ தேடினான். ஆறும் ஆறு முகம். பத்தொன்பது வருடத்தில் அவள் அவர்களை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

"எடுத்துடறேன் தம்பி," என்றாள்.

டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணியால் முதல் பலகையைத் துடைத்தாள். துடைத்தால் மட்டும் போதவில்லை. பலகை போனதும் அந்த ஆள் குளத்தில் குளிக்க இறங்கியவன் மாதிரி இடுப்புக்கு மேல் நிமிர்ந்து நின்றான். அவனைத் தாடை வரைக்கும் இறக்கி, அலையை ஏற்ற வேண்டியிருந்தது. அப்படியே ஆறு பேரையும் இறக்கினாள். பிறகு கயிற்றிடம் அவருடைய மிக மெல்லிய தூரிகையைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"முகத்துக்கு."

"கப்பல்ல நிக்கறவனுக்கே நான் மூக்கு வைக்கறதில்ல!" என்றபடி கொடுத்தார்.

மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவள் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் வந்த கேப்டன் படத்தின் முன் வெகுநேரம் குனிந்து நின்றார். "இவன் கத்தறான்," என்றார்.

"பக்கத்துல இருக்கறவனைக் கூப்பிடறான் சார். அவனுக்குக் கேக்கல."

கேப்டன் தலையாட்டினார். அவளிடமே விட்டுப்போயிருந்த பூதக்கண்ணாடிக்காகக் கையை நீட்டினார்.

"நாளைக்குத் தரட்டுமா சார்?" என்றாள். "பலகை வச்சிருக்கற மூணு பேரை நான் இன்னும் பார்க்கல."