'தா எத்தி' என்றால் எப்போது?

கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து கிழக்கேகோட்டை அக்ரகாரத்துக்கு வந்த புதிதில் நான் கற்ற முதல் மலையாளம் 'தா எத்தி'. இதோ, வந்து சேர்ந்தாச்சு என்று அர்த்தம். இந்த ஊரில் அதைச் சொல்லிவிட்டுத்தான் செருப்பையே தேடுவார்கள். என் வீட்டுக்காரர் அதில் கில்லாடி. "மன்னி, அண்ணா 'தா எத்தி'ன்னா இன்னும் குளிக்கலைன்னு வெச்சுக்கோ" என்பாள் நாத்தனார். எனக்கோ காத்திருப்பது என்றால் ஆகவே ஆகாது.

பிரசவ வலி சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நாத்தனார்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அவர் ஆபீஸ் வேலையாக, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்திலிருக்கும் வித்துரா போயிருந்தார். குழந்தை பிறக்கும்போது அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். போன் போட்டேன்.

"எங்கே இருக்கேள்?"

"தா எத்தி!"

பின்னாலேயே, "நெடுமங்காடு, தம்பானூர்! கேறிக்கோ, கேறிக்கோ!" என்று ஆள் ஏற்றும் கண்டக்டர் குரல். பஸ்ஸே இன்னும் கிளம்பவில்லை! வந்த கோபத்தில் வலி மறந்துபோனது.

எதிர்ச் சுவரில், டாக்டர் 'ஸூன்' (soon) வருவார் என்று ஆங்கில அறிவிப்பு. கோபம் அந்தச் சொல் மேல் திரும்பியது. நான் காலேஜில் ஆங்கிலம் நடத்துகிறவள். மனதைத் திருப்பலாமே என்று போனில் அகராதியைத் திறந்தேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் 'ஸூன்' என்றால் 'உடனே, இந்த நிமிஷமே' என்றுதான் அர்த்தமாம். வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி ஜனங்கள் தாமதமாகவே வந்ததில், அது 'கொஞ்ச நேரத்தில்' என்று நீர்த்துவிட்டதாம். அடப்பாவிகளா, அங்கேயும் 'தா எத்தி'தானா! வலியோடு வலியாக விழுந்து விழுந்து சிரித்தேன். "சேச்சி, சிரிக்கல்லே!" என்று தடுத்த நர்ஸ் பயந்தே போனாள்.

அப்புறம் சிரிக்க முடியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பிரசவ அறைக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்கள். கடைசியாக ஒரு தடவை போன் போட்டேன். அழுகை வந்துவிட்டது.

"உள்ளே அழைச்சுண்டு போறா. எங்கேதான் இருக்கேள்?"

"தா எத்தி!"

குரல் இரண்டாகக் கேட்டது. ஒன்று போனில். இன்னொன்று, மூச்சிரைக்க, என் தலைமாட்டில். அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"பஸ்லேருந்து ஒரு தடவை கூப்பிட்டு, கிட்டக்க வந்துட்டேன்னு சொல்லப்படாதா?" அழுகையும் சிரிப்புமாகத் திட்டினேன்.

"சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன்தான். கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவரையும் உள்ளே விட்டார்கள். போனதும் மகள் பிறந்தாள். ஸூன்தான், பழைய அர்த்தத்தில்.