கந்து ராமின் கம்பளி அங்கி

சுங்கி தேவி கல்யாணமான இரண்டாம் ஆண்டிலிருந்து ஆடுகளோடு நடந்தவள். மற்ற பெண்கள் இமயமலையில் சம்பா என்ற தங்கள் ஊர்ப்பக்கத்தில் வீட்டோடும் வயலோடும் நின்றுகொள்ள, இவள் மட்டும் கணவன் கந்து ராமோடு குளிர்காலத்தில் காங்க்ரா அடிவாரத்துக்கும், கோடையில் குக்தி கணவாய் தாண்டி லாகூல் பள்ளத்தாக்குக்கும் போய் வந்தாள். இரண்டு மகள்களையும் அந்த வழியிலேயே வளர்த்தாள். ஆட்டின் பல்லைத் தொட்டுப் பார்த்து வயது சொல்லிவிடுவாள். ஐம்பத்தாறு வயதில் இடது முழங்கால் மட்டும் இறக்கத்தில் முரண்டு பிடித்தது.

மார்ச் மாதம், அடிவாரத்து முட்காட்டில், மூன்றே நாள் காய்ச்சலில் கந்து ராம் போய்விட்டார். எரித்த இடத்திலிருந்து மோத்தியை இழுத்து வருவதற்குள் நாலு பேர் களைத்துப்போனார்கள். மோத்தி அவர்களுடைய காவல் நாய். பதினோரு வயது. சிறுத்தை முதலில் கழுத்தைத்தான் கவ்வும் என்பதால் முள் வைத்த இரும்புப் பட்டையைக் கழுத்தில் சுமந்தே வளர்ந்தது. அதற்கு ஜோடியாக இருந்த நாயைக் குளிர்காலத்தில் சிறுத்தை தூக்கிவிட்டது.

ஜூன் கடைசியில் மந்தை கணவாய்க்குக் கீழே, கடைசி மேய்ச்சல் வெளிக்கு வந்து சேர்ந்தது. கந்து ராமின் தம்பி பிர்த்து தன் மந்தையோடு பக்கத்தில் தங்கியிருந்தான். ஒருநாள் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணி, ஒத்தை நாயை நம்பி மேல ஏற முடியாது. அதுவும் கிழம். உங்க எழுபது ஆட்டையும் இங்கேயே யாருக்காவது வித்துடுங்க. பொண்ணு வீட்டுல உக்காந்து சூடா ரொட்டி சாப்பிடுங்க.”

“எனக்கு உக்காரத் தெரியாது பிர்த்து.”

“அப்ப இன்னொரு நாய் வேணும். பன்னெண்டு நாள்ல பனி விலகி வழி திறந்துடும். அதுக்குள்ள ரெண்டும் அடிச்சுக்காம இருந்தா என்னோட வாங்க. மேல போய் நாய்ச் சண்டையில மந்தை சிதறிச்சுன்னா, ஆட்டைப் பள்ளத்துலதான் பொறுக்கணும்.”

மறுநாள் சுங்கி கீழே கிராமத்துக்குப் போய் மூன்று மாதப் பெண் நாய்க்குட்டி ஒன்றோடு திரும்பினாள். பெயர் ஜும்ரி.

பிர்த்து சிரித்தான். “இது நாயா? சிறுத்தைக்குக் காலைப் பலகாரம்.”

“குரைக்குது இல்ல? அது போதும். கடிக்கிறதுக்கு மோத்தி இருக்கான்.”

ஆனால் மோத்தி குட்டியைக் கண்டதும் உதட்டைச் சுருட்டியது. மார்ச்சிலிருந்தே அது பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டது. மந்தையின் ஓரத்தில் படுப்பதையும் விட்டுவிட்டது. கூடாரத்துக்குள் உப்பு மூட்டைகளில் முதுகை ஒட்டிக்கொண்டு படுத்தது. உப்பு நக்குகிறது என்றுதான் சுங்கி நினைத்திருந்தாள்.

அந்த மூட்டைகளுக்கு அடியில் கந்து ராமின் கம்பளி அங்கி இருந்தது. இறந்தவர் துணியைக் காரியத்தன்று கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் கொடுத்தவள், அதை மட்டும் ஒருவருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தாள்.

வழியில் பிறக்கும் ஆட்டுக்குட்டிகளை அவர் அந்த அங்கிக்குள்தான் போட்டுக்கொள்வார். இடுப்பைச் சுற்றிய கறுப்புக் கம்பளிக் கயிறு தாங்கிக்கொள்ளும். அவர் மார்பிலிருந்து இறங்கும் எதையும் மோத்தி மந்தையில் ஒன்றாகவே ஏற்றுக்கொள்ளும். சுங்கிக்கு அந்த யோசனைதான் வந்தது. குட்டி வந்த மூன்றாம் நாள் காலையில் அங்கியை எடுத்து உடுத்தி, கயிற்றைச் சுற்றி, ஜும்ரியை உள்ளே விட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

ஓடையோரம் படுத்திருந்த மோத்தி தலையைத் தூக்கியது. மூக்கு துடித்தது. பிறகு ஓடிவந்தது, மூன்று மாதமாக ஓடாத ஓட்டம். வாலை ஆட்டி, சிறு குட்டிபோல் முனகிக்கொண்டு, முன்கால்களைத் தூக்கி அவள் மார்பில் முகத்தைப் புதைத்தது. புதைத்த இடத்திலிருந்து ஜும்ரி தலையை நீட்டியது.

ஒரு கணம் மோத்தி அசையவில்லை. அடுத்த கணம் குட்டியின் காது அதன் வாயில் இருந்தது.

பிர்த்து தடியோடு ஓடிவந்தான். “நகருங்க அண்ணி!”

“அடிக்காதே.” சுங்கி குட்டியைப் பிடுங்கினாள். கையெல்லாம் ரத்தம். “அவன் மேல தப்பில்ல. அவரு வந்துட்டாருன்னு நான்தான் பொய் சொல்லிட்டேன்.”

மோத்தி அதற்குள் போய்விட்டது. இரண்டு நாள் எதையும் தொடவில்லை.

அதற்கடுத்த நாள் அவள் அந்த அங்கியைக் கூடாரத்துக்கு வெளியே, எல்லோரும் பார்க்கப் புல்லில் விரித்தாள். பிர்த்து பார்த்தான். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருந்ததற்கு ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டான்.

மோத்தி வந்து அங்கியை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மோந்தது. கைகளுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தது. யாரும் இல்லை. அதன்மேல் படுத்துக் கண்ணை மூடியது. சுங்கியும் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அழுதாள். அன்று மாலை இருவருமே சாப்பிட்டார்கள்.

மந்தையின் வாசம் ஒட்டட்டும் என்று ஜும்ரியின் மேல் ஆட்டுப்பாலைத் தடவி, ஆட்டுக்குட்டிகளோடு கட்டினாள். அதன் பக்கம் மோத்தியை அவள் கூப்பிடவே இல்லை. மோத்தி உறுமியது, பிறகு உறுமாமல் முறைத்தது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பத்தாம் நாள் குட்டியின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். குட்டி நேராகப் போய் அங்கியின் விளிம்பில் சுருண்டது. மோத்தி பெருமூச்சு விட்டது. எழுந்து போகவில்லை, இடமும் கொடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அந்தி. பிர்த்து கேட்டான்: “ஒண்ணா சாப்பிடுமா?”

“சாப்பிடாது.”

“விளையாடுமா?”

“அவன் எதுக்கு விளையாடணும்?”

“அப்புறம் எதை நம்பி உங்களைக் கூட்டிட்டுப் போறது?”

அப்போது மேல் சரிவில் கல் உருண்டது. ஜும்ரி முதலில் குரைத்தது. மோத்தி எழுந்து, அதைத் தாண்டிப் போய், முன்னால் நின்று குரைத்தது. பாறைகளுக்கிடையே ஒரு கரடி மேலே ஏறிப் போனது.

“பாத்துக்கோ. ரெண்டும் ஒரே பக்கம் பாத்துக் குரைக்குது” என்றாள் சுங்கி.

பிர்த்து தடியைத் தோளில் வைத்துக்கொண்டான். “விடிஞ்சதும் கிளம்பணும். முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கோங்க.”

பாதி ஏற்றத்தில் பனி குட்டியின் வயிறுவரை இருந்தது. அது நின்றுவிட்டது. குளிருக்காக சுங்கி அந்த அங்கியைத்தான் உடுத்தியிருந்தாள். குனியப் போனவள், முன்னால் நின்ற மோத்தியைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு குட்டியை எடுத்து உள்ளே விட்டுக்கொண்டாள்.

மோத்தி திரும்பி வந்தது. அங்கியின் ஓரத்தை மோந்தது. வெளியே நீட்டியிருந்த சிறு தலையை, ஆறிய காதை மோந்தது. ஒரு தும்மல் போட்டுவிட்டு, மந்தைக்கு முன்னால் நடந்தது.