எங்கள் ரோபோ சேமித்து வைத்தவை

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், ஏரிக்கரையை ஒட்டி மண்ணடித்து மேடாக்கிக் கட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் நான் படித்தேன். அங்கே மாணவர்களுக்கு ஒரு மாடிப்படி, மாணவிகளுக்கு ஒரு மாடிப்படி. நூலகத்தின் நடுவே ஒரு கயிறு. பேருந்தில் முன்பாதி பெண்களாகிய எங்களுக்கு, பின்பாதி ஆண்களுக்கு. ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டால் அடையாள அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். அப்பாவை அழைத்து வந்தால்தான் திரும்பக் கிடைக்கும். இதையெல்லாம் கவனிக்க ஒழுங்குப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கியதால் அவருக்குப் பெயரே விசில். அவர் எந்தப் பாடம் நடத்தினார் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துச் சொச்சம் அது. ரோபோ என்றால் தாளாளர்களுக்கு வாயூறிய காலம். சிறுசேரி மென்பொருள் நிறுவனம் ஒன்று மாணவர் ரோபோ போட்டி நடத்துகிறது, இடம் நம் கல்லூரிதான் என்று தெரிந்ததும் எங்கள் தாளாளர் வாசலில் தன் படம் போட்டுப் பெரிய பேனர் வைத்தார். ரோபோ படம் ஓரத்தில், அஞ்சல்தலை அளவில் இருந்தது. பேனர் காய்வதற்குள் விதிமுறை வந்தது: ஒவ்வொரு அணியிலும் ஆணும் பெண்ணும் இருக்க வேண்டும்.

நிர்வாகம் ஆடிப்போய்விட்டது. கூட்டம் போட்டார்கள். தேநீரும் சமோசாவும் உள்ளே போய்க்கொண்டே இருந்தன. முடிவில் விசில் வெளியே வந்து அறிவித்தார்: இருபாலரும் ஒரே ரோபோவைத் தொடலாம். ஒரே நேரத்தில் தொடக்கூடாது.

எங்கள் அணியில் மூன்று பேர். புரோகிராம் எழுதியவள் என் தோழி, ஊரப்பாக்கத்துக்காரி. சக்கரமும் மோட்டாரும் திருவிடந்தைப் பையன் ஒருவன் பொறுப்பு. எனக்கு வெப்கேமராவைப் பொருத்துவதும், மற்ற நேரங்களில் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பதும் வேலை. நாலரை மணிக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பும்வரை ஆய்வகம் எங்களுக்கு. அதற்குப் பிறகு, விடுதியில் தங்கியிருந்த அவனுக்கு.

ரோபோ என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பிளைவுட் பலகை, பழைய கார்களிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார்கள், மேலே ஆய்வகத்து மடிக்கணினி, முன்னால் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய வெப்கேம். இது ஒரு பாதையில் தானே ஓடி, வழியில் நிற்கும் வண்ணப் பலகைகளைப் படமெடுத்துச் சேமிக்க வேண்டும். சேமித்த படத்துக்குத்தான் மதிப்பெண். எவ்வளவு அழகாக ஓடினாலும் படம் இல்லையென்றால் ஒன்றுமில்லை.

ஜெயிக்கும் அணிக்கு அந்த நிறுவனத்தில் நேரடி நேர்முகத் தேர்வு. எனக்கு அது கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. ஊரப்பாக்கத்துக்காரிக்கு அப்படியில்லை. இரண்டாம் ஆண்டில் கணக்கில் ஒரு அரியர் வைத்திருந்தாள். அடுத்த முறையே எழுதித் தேறிவிட்டாள், ஆனாலும் எங்கள் கல்லூரியில் ஒருமுறை விழுந்தவர்களுக்கு வளாகத் தேர்வில் உட்கார அனுமதி கிடையாது. அவள் அப்பா அதே கம்பெனியின் பஸ்ஸைச் சிறுசேரிக்கு ஓட்டுபவர். ஊரார் பெண்களையெல்லாம் தினமும் அந்த வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் சாயங்காலம்வரை காத்திருப்பவர். அவளுக்கு அந்த வாசலுக்குள் போக இந்த ரோபோ ஒன்றுதான் வழி.

ஆனால் சக்கரம் என்ன செய்கிறது என்று தெரியாமல் எப்படிப் புரோகிராம் எழுதுவது? அவனைக் கேட்க முடியாது. கைப்பேசிக்கு வளாகத்தில் தடை. சீட்டு எழுதி வைத்தால் போச்சு. ஆண் கையெழுத்து பெண் கையில் கிடைத்தால் அதில் மின்சுற்றே வரைந்திருந்தாலும் விசிலுக்கு அது காதல் கடிதம். கணினியில் தட்டச்சு செய்து வைக்கலாமே என்றால், அவர் வாரம் ஒருமுறை கோப்பு கோப்பாகத் திறந்து பார்ப்பார். ரோபோ எடுத்த படங்களை மட்டும் தொடமாட்டார். தொட்டால் அது ஓடிவிடும் என்று பயம்.

வழியைக் கண்டுபிடித்தவன் திருவிடந்தைப் பையன்தான். ஒருநாள் காலையில் சோதனைப் படங்களைத் திறந்தால், பலகைகளுக்கு நடுவே ஒரு தாள். அதைப் பிடித்திருந்த கட்டைவிரலில் சாலிடரிங் சூட்டுக்குப் போட்ட பிளாஸ்திரி. தாளில் கொட்டை எழுத்தில்: 'லெஃப்ட் வீல் ஆடுது. கொஞ்சம் பாருங்க.' எழுதி, கேமராவுக்குக் காட்டி, சேமித்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறான்.

நாங்களும் அப்படியே பதில் காட்டிச் சேமித்தோம். அன்றிலிருந்து எங்கள் ரோபோ தபால்காரர் ஆனது. அந்தக் கேமராவுக்குச் சின்ன எழுத்து தெரியாது என்பதால் எல்லாம் ரத்தினச் சுருக்கம். 'பேட்டரி டவுன்.' 'வேகத்தைக் குறைச்சிருக்கேன், ஓட்டிப் பாருங்க.' 'பெல்ட் அறுந்துகினே கீது, பேஜாரு.' 'விசில் மாடில கீறாரு, மோட்டார் போடல.' போகப்போக 'பாருங்க' என்பது 'பாரு' ஆனது. பெல்ட் மூன்றாம் முறை அறுந்தபோது யாருக்கும் மரியாதை போட நேரமில்லை.

போட்டிக்கு முந்தின நாள் இதையெல்லாம் அழித்துவிடுவதாகத் திட்டம். அன்றைக்கென்று விசில், விழா ஏற்பாடு என்று சொல்லி மதியமே ஆய்வகத்தைப் பூட்டி, எங்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். மறுநாள் காலையிலாவது அழிக்கலாம் என்று ஓடினால், ரோபோ தாளாளர் அறையில் பூஜையில் இருந்தது. மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். சாமி ஆகிவிட்டதை யார் தொடுவது? நேராக மேடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். கேமராக் கண்ணில் பொட்டு வைக்காமல் விட்டார்களே, அதுவே பெரிய புண்ணியம்.

ரோபோ ஓடியது. எலுமிச்சம்பழச் சாறு வழிய, ஒரு பலகையையும் விடாமல் படமெடுத்து, போய் நின்றது. அரங்கமே கைதட்டியது. நடுவராக வந்திருந்த அந்த நிறுவனத்து அம்மா, "சேமிச்ச படங்களைத் திரையில போடுங்க. முதல் படத்துலேர்ந்து," என்றார். பலகைகளை முன்பே படமெடுத்து வைத்து ஏமாற்றக் கூடாது என்பதால் கோப்புறையில் உள்ள அத்தனை படங்களையும் காட்ட வேண்டும்; இல்லையென்றால் விலகிக்கொள்ள வேண்டும். அதுவும் விதி.

முன்வரிசையில் விசில். ஊரப்பாக்கத்துக்காரி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் பட்டனை அழுத்தினாள்.

பெல்ட் அறுந்தது. பேட்டரி இறங்கியது. 'விசில் மாடில கீறாரு' பத்தடி உயரத்தில் வந்தபோது அரங்கம் அதிர்ந்தது. அவர் கை தானாகவே விசிலைப் பிடித்தது, ஆனால் ஊதவில்லை. அந்த அம்மா மட்டும் சிரிக்காமல் கடைசிப் பலகைவரை பார்த்தார். முதல் பரிசு எங்களுக்கு. அதை வாங்கவும் மேடைக்கு எங்களைத் தனியாக, அவனைத் தனியாக அழைத்தார்கள்.

மறுநாள் விசாரணை. அடையாள அட்டைகள் மேசையில் இருந்தன. பஸ்ஸைக் கம்பெனியில் விட்டுவிட்டு அவள் அப்பா காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். படங்களையெல்லாம் அச்செடுத்து அவர் கையில் கொடுத்த விசில், "மொதல்ல 'பாருங்க'ன்னு இருக்கு. அப்புறம் 'பாரு'ங்குது. நடுவுல என்ன நடந்துச்சுன்னு நீங்களே கேளுங்க," என்றார்.

அப்பா ஒவ்வொரு தாளாக நிதானமாகப் படித்தார். "நடுவுல பெல்ட்டு அறுந்துச்சி சார், இதோ எழுதிக்கீதே," என்றார். "மூணு தபா படிச்சிட்டேன். பேட்டரி கீது, சக்கரம் கீது, நீங்க கூட கீறீங்க. லவ்வு எங்க கீது?"

அப்போது சுவரோரமாக நின்றிருந்த திருவிடந்தைப் பையன் வாயைத் திறந்தான். "சார், அந்தப் பொண்ணு கொரலு எப்டி இருக்கும்னே எனக்குத் தெரியாது சார்."

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். அவன் கையெழுத்து தெரியும், கட்டைவிரல் தெரியும். அவன் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். முரட்டுக் குரலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், மிகவும் மென்மையாக இருந்தது. விசிலுக்கு அதிலும் ஏதோ சந்தேகம் இருந்தது போல. ஆனால் அட்டைகளைக் கொடுத்துவிட்டார். பரிசு வாங்கிய பிள்ளைகளின் படம் அடுத்த பேனருக்கு வேண்டியிருந்தது.

நேர்முகத் தேர்வில் அவளிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாவே வந்திருந்தார். "பேசாம எப்படிம்மா இதைச் செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டு, வேலை கொடுத்துவிட்டார். முதல் நாள் அவள் தன் அப்பா ஓட்டிய பஸ்ஸிலேயே போய் இறங்கி, அந்த வாசலுக்குள் நடந்தாள். அவர் ஹாரன் அடித்தாராம். கம்பெனி வாசலில் ஹாரன் அடிக்கக் கூடாது, ஆனாலும் அடித்தாராம்.

அன்று சாயங்காலம் எனக்கு போன் செய்து சிரித்துக்கொண்டே சொன்னாள். பக்கத்து நாற்காலிக்காரன், "பாஸ்வேர்டு வந்துடுச்சாங்க?" என்று கேட்டானாம். இவள் பதில் சொல்வதற்கு முன்னால் கதவைத் திரும்பிப் பார்த்தாளாம், யாராவது வருகிறார்களா என்று.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அலுவலகத்தில் ஒரு ஆண் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், நானும் முதலில் கதவைத்தான் பார்க்கிறேன்.