குளிர் ஒத்துக்காத பிரிண்டர்

என் அக்காவின் சடங்குக்கு மாமா கொண்டுவந்த சீர்த்தட்டுகளில் ஒன்றில் கம்ப்யூட்டர் இருந்தது. தேங்காய், பழம், மஞ்சள், வளையல், பட்டுப்பாவாடை, வர்க்கி என்று வரிசையாக வந்த தட்டுகளுக்கு நடுவே, ஒரு பித்தளைத் தாம்பாளத்தில், குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளில் தாய்மாமன் சீராகக் கட்டில் வந்திருக்கிறது, பீரோ வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் வந்தது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறமும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். அப்பாவுக்கு டீ பேக்டரியில் வேலை. இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத்து தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் என்று போனது எட்டாவது படித்த அக்காவும், தினமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிய நானும்தான்.

அக்கா வயசுக்கு வந்த அன்றைக்கே பெரியப்பா ஃபிளெக்ஸ் போர்டு பேச்சை எடுத்துவிட்டார். அப்பாவின் அண்ணன் அவர். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் முதல் வார்த்தை அவருடையது, பெரும்பாலும் கடைசி வார்த்தையும். பஸ் ஸ்டாப்பில் ஆள் உயரத்துக்கு மேலே அக்காவின் படம், தலையில் கிரீடம், பின்னால் ஏதோ ஒரு தேசத்து அருவி, கீழே சொந்தக்காரர்களின் முகமெல்லாம் வட்ட வட்டமாக. போன வருஷம் தன் மகளுக்கு அப்படித்தான் வைத்தார். விசேஷம் முடிந்து மழைக்காலம் வந்து கிழிக்கும்வரை அது ஸ்டாப்பிலேயே நின்றது. பஸ்ஸில் வரும் பையன்கள் பெரியப்பா மகளுக்கு 'மகாராணி' என்று பேர் வைத்து, அவள் ஏறும்போதெல்லாம் எழுந்து நின்று கும்பிட்டார்கள். கொஞ்ச நாளில் அவள் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டாள். பள்ளிக்கூடமும் அதோடு போயிற்று. "பொம்பளப் புள்ளைக்குக் கூச்சம் இருக்கத்தான் செய்யும்" என்று பெரியப்பா அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

அக்கா தனியாக உட்கார வைக்கப்பட்டிருந்த மூலையிலிருந்து, மாமாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "மாமா, அந்த போர்டை வெச்சாங்கன்னா நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன். நிஜமாத்தான் சொல்றேன்." அம்மா ஏற்கெனவே அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டிருந்தாள். "அண்ணன் சொல்லிப்போட்டாரு, நான் என்ன பண்றது" என்பதுதான் அப்பாவின் பதில். மாமா தலையைச் சொறிந்துகொண்டு, "பாக்கலாம் கண்ணு" என்றார். பிறகு வெளியே போய், பெரியப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"போர்டு என்னோட சீருங்க பெரிய மச்சான். தாய்மாமன் சீரை நீங்க எப்படிக் கடையில குடுத்து அடிப்பீங்க?"

"போர்டு எப்படா சீருல சேந்துச்சு?"

"இப்பத்தான் சேத்துனனுங்க."

எங்கள் பக்கம் தாய்மாமன் சீரில் யாரும் கைவைக்க மாட்டார்கள். வைத்தால் அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடலாம். சபையும் அவர் பக்கம்தான் பேசும். மாமா விடவில்லை. தன் கடையில் மிஷின் இருப்பதாகவும், விசேஷத்தன்று எல்லார் கண் முன்னாலும் தானே அடித்துத் தருவதாகவும், அது நீளமோ நீளம் என்றும் சொன்னார்.

நான் ஓடிப்போய் அக்காவிடம், "மாமாவே அடிக்கப் போறாராம், ரொம்ப நீளமாம்" என்றேன். நல்ல சேதி சொல்கிற நினைப்பு எனக்கு. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மாமா கோத்தகிரி பஜாரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். சனிக்கிழமை அங்கே போனபோதுதான் மிஷினைப் பார்த்தேன். ஊரைக் காலி செய்துபோன ஒரு பங்களாக்காரர் கொடுத்ததாம். பார்த்தால் தடியான கீபோர்டு மட்டும்தான், உள்ளேயே கம்ப்யூட்டர். திரைக்கு டிவியைச் செருக வேண்டும், புரோகிராமைப் பாட்டு கேசட் போல டேப்பில் ஓட்ட வேண்டும். நாங்கள் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் வந்த சாமான்.

"இதுக்கு அச்சடிக்கத் தெரியும்டா. ஆனா பிரிண்டர் எங்க, பிரிண்டர் எங்கன்னு தேடும். இந்த கேசட்டுல ஒரு புரோகிராம் இருக்குது. அது 'நாந்தான் பிரிண்டரு'ன்னு மிஷினை நம்ப வெச்சுரும். அனுப்பறதையெல்லாம் வாங்கி, பேப்பர்ல எப்படி விழுகுமோ அப்படியே டிவியில வரைஞ்சு காட்டும்."

எனக்கு முதல் பாதிதான் புரிந்தது. மிஷின் நம்பிவிட்டால் பேப்பர் வந்துவிடும் என்று எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் மேஜைக்கடியில், சாக்குப் போர்த்தி, நிஜமான பிரிண்டர் ஒன்று இருப்பதைக் கண்டேன். டீ பேக்டரி ஆபீசிலிருந்து ரிப்பேருக்கு வந்தது என்றார்.

"இதையே கொண்டாந்து மாட்டிக்கலாமில்ல மாமா?"

"இதுக்குக் குளிர் ஒத்துக்காதுடா. எஸ்டேட் மேல கொண்டுபோனா இழுத்துக்கும்."

பனிக்காலத்தில் அம்மாவுக்கும் மூச்சு இழுக்கும். அதனால் எனக்கு அது நியாயமாகவே பட்டது. சாக்கு விலகியிருந்த இடத்தை இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விசேஷம். எங்கள் உயரத்தில் தென்னை ஏது? மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் கூரைமேல் போட்டுக் கொண்டுவந்த ஓலையில் மாமா பச்சைக் குடிசை கட்டினார். மஞ்சள் தண்ணி ஊற்றி, பட்டுப்பாவாடை கட்டி, அக்காவை அதன் வாசலில் உட்கார வைத்தார்கள். அவள் தலையைத் தூக்கவே இல்லை. எங்கள் வீட்டு டிவி பந்தலுக்கு வந்தது. தாம்பாளத்தோடு மிஷினை அதன் முன்னால் வைத்து, ஒயரெல்லாம் செருகி, மாமா கேசட்டைத் தட்டிவிட்டார்.

கேசட் வீலென்று கத்தியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. "என்றா இது, பேய் ஓட்டறயா?" என்று பெரியப்பா கேட்டார். பேக்டரியில் ரோலர் ஓடியதால் வோல்டேஜ் இறங்கி, டிவிப் படம் நாலு பக்கமும் சுருங்கியது. மாமா ஸ்டெபிலைசர்மேல் கைவைத்துக்கொண்டு, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் போல நின்றார். நான் டிவிக்குப் பின்னால் போய், பேப்பர் தரையில் விழுந்து அழுக்காகிவிடக் கூடாதே என்று இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு காத்திருந்தேன்.

டிவிக்குள்ளிருந்து கிர்ர் கிர்ரென்று சத்தம் மட்டும் வந்தது. "வருது, வருது" என்று ஆட்கள் எழுந்தார்கள். என் கையில் ஒன்றும் விழவில்லை. முன்பக்கம் ஓடிவந்து பார்த்தேன். திரையில் வெள்ளைத் தாள் ஒன்று சுருள் பிரிந்தபடி நகர்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் புள்ளி புள்ளியாக, குட்டி நட்சத்திரங்களால் கட்டிய பெரிய எழுத்து. அந்த மிஷினுக்கு இங்கிலீஷ்தான் தெரியும். சபை மொத்தமும் என்னைப் பார்த்தது.

"படிடா" என்றார் அப்பா.

ஒவ்வொரு எழுத்தாக நான் கத்திச் சொன்னேன். எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தால் அக்காவின் பேர். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். தாள் நிற்காமல் இன்னும் நகர்ந்து, ஓர் எட்டையும் அதை ஒட்டி ஒரு 'பி'யையும் காட்டியது.

"அதென்ன எட்டு?" என்றார் பெரியப்பா.

"வகுப்புங்க. எட்டு பி."

"சடங்குக்கும் வகுப்புக்கும் என்னடா சம்பந்தம்?"

"திங்கக்கெழமை புள்ள அங்கதானுங்களே போகுது" என்றார் மாமா.

குடிசை வாசலில் அக்கா தலையைத் தூக்கினாள். திரையைப் பார்த்தாள், இன்னும் ஏந்தியபடியே இருந்த என் கைகளைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். அந்த ஒரு வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

"சரி, பேப்பர் எங்கடா?" என்றார் பெரியப்பா.

"அடிச்சாச்சுங்களே பெரிய மச்சான். மிஷினே சொல்லுது பாருங்க." திரையின் அடியில் ஒரு வரி வந்திருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்து, அச்சடித்து முடிந்தது என்றுதான் போட்டிருக்கிறது என்றேன். படிக்கிற பையனே சொன்ன பிறகு பெரியப்பா என்ன செய்வார்? அதற்குள் வோல்டேஜ் இன்னும் இறங்கி, டிவி ஒருமுறை சிமிட்டி அணைந்தது. அக்காவின் போர்டும் அதோடு போயிற்று. பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். விசேஷம் முடிந்த பின்னால் யாரும் ஃபிளெக்ஸ் வைப்பதில்லை. அப்பா மட்டும் இருட்டுத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சீர் நல்லா இருந்துச்சு மாப்ள" என்றார்.

திங்கட்கிழமை பனி விலகாத ஸ்டாப்பில், ஒன்றும் கட்டாத கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, அக்கா பஸ் ஏறினாள். என்னையும் கையைப் பிடித்து ஏற்றினாள். அவள் படிப்பை நிறுத்தியிருந்தால் அந்தக் கூட்டத்தில் என்னை யார் ஏற்றியிருப்பார்கள் என்று இப்போதும் யோசிப்பேன். அக்கா இன்று குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறேன். இல்லாத பிரிண்டரை இருப்பதாகக் காட்டுகிற அந்த வித்தைக்கு பிரிண்டர் எமுலேஷன் என்று பேர் இருப்பதே இங்கே வந்துதான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே மாமாவுக்கு போன் போட்டு நன்றி சொன்னேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. "பேப்பர் வரலைன்னு நீ இன்னும் கோவமா இருப்பேன்னு நெனச்சேன்" என்று சிரித்தார்.

கோபமெல்லாம் அப்போதே இல்லை. விசேஷம் முடிந்த அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். ரிப்பேருக்குக் கொடுத்த பிரிண்டரை வாங்கிப்போக பேக்டரி ஆபீசிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மாமா சாக்கை எடுத்தார். சீர்த்தட்டில் வந்த மிஷினும், வோல்டேஜில் அடிபட்டதா என்று பார்க்க மாமா எடுத்துவந்து, மேஜைமேல் இருந்தது; குங்குமப் பொட்டு இன்னும் அழியவில்லை. பிரிண்டரின் ஒயரை மிஷினின் முதுகில் செருகி ஒரு பொத்தானைத் தட்டினார். கிர்ர் கிர்ரென்று, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட காகிதம் மடிந்து மடிந்து வந்துகொண்டே இருந்தது. வந்தவர் திருப்தியாகத் தலையாட்டினார். நான் பிரிண்டரின் மேல் கைவைத்துப் பார்த்தேன். கதகதவென்று இருந்தது.

பாவம், குளிர் விட்டுவிட்டது போல என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.