மாமாவின் பேச்சுக்கு நான் சொன்ன அர்த்தம்

என் தாய்மாமனுக்குக் கூடிவந்த கல்யாணத்தை ஒன்பது வயதில் நான் நிறுத்தினேன். சின்னப் பிள்ளை, புரியாமல் செய்துவிட்டான் என்று எல்லோரும் மன்னித்தார்கள். புரிந்துதான் செய்தேன்.

மாமா எதையும் தலைகீழாகவே பேசுவார். புதுக்கோட்டை பஸ் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால், "என்னண்ணே, இம்புட்டு வெரசா வந்துட்டீக?" என்று கண்டக்டரை விசாரிப்பார். கணக்கில் நான் முட்டை வாங்கியபோது, "குடும்பத்துக்கே பேரு வாங்கிக் குடுத்துட்டடா" என்று தோளைத் தட்டினார். அவர் திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா என்று ஊரில் பலருக்குப் பிடிபடாது. எனக்குப் பிடிபடும். கேலியாகப் பேசும்போது அவருடைய இடது புருவம் ஏறும். அந்த ரகசியம் தெரிந்த பெருமையோடு அவர் சைக்கிள் கேரியரில் குடுமியான்மலையைச் சுற்றிவருவேன்.

ஆலங்குடிப் பக்கம் பெண் பார்க்கப் போனோம். பஸ்ஸில் சித்தி என்னைச் சீண்டினாள். "இனிமே கேரியரு ஒன் அத்தைக்குடா. நீ பின்னாலயே ஓடி வா." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். காப்பி, பலகாரத்தோடு எழுந்துவிட வேண்டும். பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். தாத்தா துண்டை உதறி எழுந்தார். மாமா எழவில்லை.

"கொழம்பு வாசம் எந்திரிக்க விடல. சாப்பிட்டே போவமே" என்றார்.

புருவம் ஏறவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெண்ணின் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். இலை அறுக்கக் கொல்லைக்கு ஓடினார். பின்னாலேயே போனேன். "மாமா எதையும் மாத்தித்தான் சொல்லுவாக. சாப்பிடுறேன்னா பொண்ணு பிடிக்கலைன்னு அர்த்தம்" என்றேன்.

இலை வரவில்லை. "வெயிலு ஏறுறதுக்குள்ள பொறப்படுங்க" என்று சொல்லிவிட்டார்.

பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று மாமா ஆள் விட்டார். "கேலி பண்ணுனது போதும்" என்று பதில் வந்தது. தாத்தாவே, "இவன் நெசமாச் சொல்றானா, வெளாட்டுக்கா?" என்று பாட்டியிடம் கேட்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக மாமா நேராகப் பேசினார். நம்ப ஒருவரும் இல்லை.

கேரியர் எனக்கே மிஞ்சியது. ஆனால் சைக்கிள் ஓட்டியவர் பேச்சையே விட்டுவிட்டார். ஒரு வாரம்கூட என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அழுது சித்தியைக் கூட்டிக்கொண்டு ஆலங்குடிக்குப் போனேன்.

"மாமா நெசமாத்தான் சொன்னாக. நாந்தான் தெரியாமச் சொல்லிட்டேன்" என்றேன். முதல் பாதி உண்மை.

கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் கேட்டது. "இப்ப நீ சொல்றத நேரா எடுத்துக்கிறதா, மாத்தி எடுத்துக்கிறதா?"

பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார். தை மாதம் கல்யாணம். கேரியர் அத்தைக்குப் போனது, முன்கம்பி எனக்கு.

போன மாதம்தான் மாமாவிடம் மீதிப் பாதியையும் சொன்னேன். எனக்கும் எழுபது ஆகிறது; இனியும் சுமக்க முடியவில்லை. "தெரிஞ்சேதான் சொன்னேன், மாமா. மன்னிச்சுக்கங்க."

அவர் வெற்றிலையை மென்று முடித்தார். "ஒன்னைய மாதிரி ஒரு நல்ல பிள்ளை நம்ம குடும்பத்துல பொறந்ததில்லைப்பா" என்றார்.

புருவத்தைப் பார்த்தேன். முதுமையில் இரண்டு புருவமும் சரிந்து கண்ணை மூடிக்கிடந்தன. ஒன்றும் பிடிபடவில்லை.

"அத்தை, இதுக்கு என்ன அர்த்தம்?" என்றேன்.

"எனக்கென்னப்பா தெரியும்? அர்த்தம் சொல்றதுதான் ஒன் வேலையாச்சே" என்று சொல்லிவிட்டு, அத்தை எனக்கு இலை போட எழுந்து போனார்.