காந்தப் பட்டனும் சிவப்புப் பொத்தானும்

உறை தைக்கிறவளுக்கென்று தனியாக ஆயுசு கிடையாது. உள்ளே போகிற சாமான் எத்தனை நாள் விற்கிறதோ, அத்தனை நாள்தான் அவள் மிஷினும் ஓடும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போன சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலூர் ஓரத்தில் இருக்கிற எங்கள் தோல் யூனிட்டில் கைப்பை தைத்தேன், கேமரா பை தைத்தேன், பாட்டுக் கேட்கிற பெட்டிக்கு உறை தைத்தேன். ஒவ்வொன்றாக நின்றுபோனது. கடைசியாக வந்து சேர்ந்தது, கையில் பிடிக்கிற ஜி.பி.எஸ். பெட்டிக்கு உறை. காட்டிலும் மலையிலும் நடக்கிறவர்களுக்கு அது வழி காட்டுமாம்.

தகரத்துக்குக் கீழே

அளவு பார்க்க ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். செங்கல் பாதி அளவு, மேலே சின்னக் கொம்பு. சூப்பர்வைசர் சேகர் ஆன் பண்ணினார். திரையில் ஒன்றும் வரவில்லை. எதையோ தேடிக்கொண்டே இருந்தது. "யார் கீழ போட்டது?" என்று ஒன்பது பேரையும் முறைத்தார். நான் மனசுக்குள் ஜெபித்தேன்.

என் பக்கத்து மிஷின் பர்வீன், மேல்விஷாரத்துக்காரி. யாரிடமும் கேட்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் வெயிலில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் சாட்டிலைட் கோடுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நாங்கள் நிற்கிற இடத்தில் ஒரு முக்கோணம்! வானத்தில் இருக்கிற ஏதோ ஒன்றுக்கு எங்கள் யூனிட் தெரிகிறது என்று எல்லோரும் குதித்தோம். பர்வீன் சேகரைப் பார்த்துச் சொன்னாள்: "தகர ஷெட்டுக்குள்ள நமக்கே மூச்சு முட்டுது. அதுக்கு முட்டாதா சார்?"

போன் முழுங்கினது

சந்தோஷம் ஒரு மாசம்கூட நிற்கவில்லை. பெட்டி செய்கிற கம்பெனியே அதை இனிமேல் செய்யலாமா, நிறுத்தலாமா என்று யோசிக்கிறதாம். பெங்களூர் ஆபீஸிலிருந்து மாலதி மேடம் வருவார், உறையோடு சேர்த்துப் பெட்டியை மலையில் சோதித்துப் பார்த்து, மேலே எழுதி அனுப்புவார். அதற்கப்புறம்தான் முடிவு.

ஆர்டர் நின்றால் எங்கள் செக்‌ஷனை மூடிவிட்டு, சின்ன வயசுக்காரிகளை மட்டும் ஷூ பக்கம் எடுப்பார்கள். எனக்கு ஐம்பத்தாறு. பிள்ளைகள் இரண்டு பேரும், "போதும்மா, வீட்ல உட்காரு" என்கிறார்கள். அப்படி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். பர்வீனுக்கோ உட்கார வழியே இல்லை. அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. சேகர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "கேமராவ போன் முழுங்கிச்சு, டார்ச்ச முழுங்கிச்சு. இதையும் முழுங்கிட்டா, எஸ்தர்மா, நாம போய் போனுக்குள்ளயா தைக்கிறது?"

பர்வீனின் மேற்கு

மேடம் வருவதற்கு முந்தின நாள். சாம்பிள் உறை தயார். மூடிக்கு நான்தான் காந்தப் பட்டன் வைத்தேன். டக்கென்று ஒட்டும், பார்க்க அழகு. பன்னிரண்டு வருஷம் கைப்பை தைத்த கை அது. வேறு எதைத் தேடும்?

பெட்டியை உறையில் போட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனோம். திசை காட்டுகிற முள் வடக்கு இதோ என்றது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பர்வீன் மட்டும் நின்றுவிட்டாள். மத்தியானத் தொழுகைக்கு அவள் தினமும் கிப்லா திசையான மேற்கைப் பார்த்துப் பாய் விரிக்கிறது அந்த முற்றத்து மூலையில்தான். "அக்கா, இது சொல்ற மேற்குல டீக்கடை இருக்குது" என்றாள். உறையிலிருந்து பெட்டியை உருவினேன். முள் மெல்லத் திரும்பி சரியான இடத்துக்கு வந்தது. திரும்பவும் போட்டேன், ஓடிப்போனது. என் காந்தப் பட்டன்தான் முள்ளை இழுக்கிறது!

வழி காட்டுகிற பெட்டிக்கு வழி தவற வைக்கிற உறை தைத்திருக்கிறேனே, ஆண்டவரே. அப்படியே உட்கார்ந்து பட்டனைப் பிரித்தேன். மூடியில் நாக்கு மாதிரி ஒரு தோல் பட்டை, எதிரே அதை நுழைக்க ஒரு கீறல். இரும்பே இல்லை. சாயங்காலம் முள் ஆடாமல் நின்றபோது பர்வீன் பையை மாட்டிக்கொண்டு சொன்னாள்: "சாட்டிலைட்டே தப்பினாலும் என் கிப்லா தப்பாது அக்கா."

சேகர் செத்த கதை

மறுநாள் வந்த மேடம், சேகரோடு எங்கள் இரண்டு பேரையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். அமிர்தி தாண்டி ஜவ்வாது மலைப் பக்கம் போனோம். சேகர் போனில் மேப் போட்டுப் பார்த்தார்; சிக்னல் இல்லை. நீலப்புள்ளி மட்டும் இருந்தது, சுற்றிலும் வெறும் சாம்பல் கட்டம். பெட்டியில் ஓடையும் ஒத்தையடிப் பாதையும் தெரிந்தன. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அப்போது மேடம் தன் பையிலிருந்து புது மாடலை எடுத்தார். அதே அளவு, விலாவில் ஒரு சிவப்புப் பொத்தான். ஆபத்தில் அதை அமுக்கினால் போன் டவர் இல்லாத இடத்திலிருந்தும் சாட்டிலைட் வழியாகச் சேதி போகுமாம். "இதுதான் இனிமே. இது தேறினாத்தான் கம்பெனி இந்த வேலைய தொடரும்" என்றார். அமுக்கினால் நிஜமாகவே சேதி போய்விடும், சோதனைக்குத் தொட்டால் போதும் என்று சொல்லி, அதை என் உறையில் போட்டார். "சேகர், நீங்க பாறையில விழுந்துட்டீங்க. வலது கை உடைஞ்சுபோச்சு. இடது கையால பொத்தானத் தொடுங்க."

சேகர் பாறைமேல் மல்லாந்தார். என் தோல் நாக்கோ புதுசு, கீறலில் இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்து இழுத்தார். வரவில்லை. பர்வீன் என் கையைப் பிடித்து நசுக்கினாள். மேடம் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்: "சேகர், நீங்க செத்து அஞ்சு நிமிஷம் ஆச்சு."

ஒரு ரூபாய் அளவு

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "மேடம், ரெண்டு நிமிஷம் குடுங்க" என்றேன். தோல் சீவுகிற கத்தி எப்போதும் என் கைப்பையில் இருக்கும். பெட்டியை உருவிக் கொடுத்துவிட்டு, பொத்தான் வருகிற இடத்தில் நகத்தால் கோடு கிழித்தேன். பர்வீன் உறையைப் பாறையில் வைத்து அமுக்கிக்கொண்டாள். ஜெபித்தபடியே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக அறுத்து எடுத்தேன்.

சேகர் மறுபடியும் செத்துக்காட்டப் படுத்தார். இந்தத் தடவை மூடியைத் திறக்கவே இல்லை. இடது கட்டை விரல் நேராகப் பொத்தானில் போய் நின்றது. "பொழச்சுட்டேன்!" என்று கத்தினார். பர்வீன் அழுதுகொண்டே சிரித்தாள். மேடம் ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். நோட்டில் எழுதிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாருக்கும் விக்கிற காலம் போச்சும்மா. போன் வேலை செய்யாத இடத்துக்குப் போறவங்களுக்காக மட்டும், கம்மியா செய்வாங்க. ஆனா செய்வாங்க. ஓட்டை போட்ட உறையவே தைங்க."

உலகத்தில் ஒருவரும் வழி தவறக்கூடாது என்று தினமும் ஜெபிக்கிற நான், அவர்கள் அடிக்கடி போன் சிக்னல் இல்லாத பக்கமாக நடக்கட்டும் என்பதையும் இப்போது கூடவே சேர்த்துக்கொள்கிறேன்.